நடவு நாளில் எழுதாத கட்டுரைகள்

“அஞ்சு புதன்கிழமைக்கும் சேத்து எழுதிட்டேன் மேடம்” என்று சொல்லிக்கொண்டே, நூல் போட்டுக் கட்டிய தாள்களை என் மேசைமேல் வைத்தாள் செல்வராணி.

மதியச் சாப்பாட்டு நேரம். ஆங்கிலத் துறை அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். டப்பாவில் எலுமிச்சை சாதம் பாதி மிச்சம் இருந்தது. ஜன்னல் வழியே சேற்று வாடை வந்துகொண்டிருந்தது. எங்கள் கல்லூரி தஞ்சாவூருக்கு மேற்கே, மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த இடத்தில் இருந்தது.

செல்வராணி பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் வருடம். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இருபது வயது என்றால் அவளுக்கு இருபத்தாறு. கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையும் பெற்று, அதற்கப்புறம் படிக்க வந்தவள். வகுப்பே அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடும்.

“ஏன் அஞ்சு வாரமா புதன்கிழமை வகுப்புல காணோம்?” என்று கேட்டேன்.

“காய்ச்சல் மேடம்.”

செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கால் விரல்களுக்கு நடுவில் தோல் வெந்து வெளுத்து, மேலே மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவியிருந்தது. சேற்றுப்புண். காய்ச்சலில் பாயில் படுத்துக்கிடப்பவளுக்கு அது வராது. நாள் முழுக்க நடவு வயலில் நிற்பவளுக்குத்தான் வரும். எனக்கு அது நன்றாகத் தெரியும். படிக்கிற காலத்தில் என் காலிலும் அது இருந்தது.

தெரிந்தும் சொன்னேன்: “காய்ச்சலா இருந்தாலும் விட்டதை அப்புறமா வாங்க முடியாது. ரூல் ரூல்தான்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு “சரிங்க மேடம்” என்று போய்விட்டாள். நான் மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்தவர் முதுகு போதும்

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக யார் யாரையோ வெளுத்து வாங்கியிருக்கிறேன். என்னை டைப்ரைட்டர் பக்கம் விரட்டிய கல்லூரி அலுவலகம், சேலை மடிப்பைக் குறை சொன்ன விடுதி மேற்பார்வையாளர், எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது. “சபாஷ், போட்டுத் தாக்குங்க” என்று வாசகர்கள் கடிதம் எழுதுகிறீர்கள். சந்தோஷம். இந்த வாரம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியவள் நான்தான்.

அந்த ரூலைப் போட்டது நான். பல்கலைக்கழகம் போடவில்லை, நிர்வாகம் போடவில்லை. மூன்று வருடத்துக்கும் பி.ஏ. ஆங்கிலத்துக்கு என்னென்ன பாடம், எந்த செமஸ்டரில் எது, எதற்கு எவ்வளவு மார்க் என்று ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து வகுத்தவள் நான். துறைத் தலைவியாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. உலகத்தையே திருத்திவிடலாம் என்கிற கிறுக்கு தலைக்கேறியிருந்த நேரம்.

ஐந்து யூனிட் ஜாதகம்

பாடத்திட்டம் வகுப்பது ஏதோ பெரிய அறிவாளிகள் கூடிச் செய்கிற காரியம் என்று நினைக்காதீர்கள். எந்தப் பேப்பராக இருந்தாலும் ஐந்து யூனிட் இருக்க வேண்டும். நாலே யூனிட்டில் முடிகிற விஷயமாக இருந்தால் இழுத்து ஐந்தாக்க வேண்டும். ஒரு நாடகத்தை மட்டும் ஆற அமரப் படிக்கலாம் என்று நினைத்தால், அதையும் ஐந்து துண்டு போட வேண்டும்.

அப்புறம் ஒரு கட்டம் போடுவோம். இந்தப் பாடத்தால் மாணவருக்கு இந்தத் திறமை எவ்வளவு வரும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் எஸ், எம், எல் என்று எழுத வேண்டும். எஸ் என்றால் நிறைய, எம் என்றால் சுமார், எல் என்றால் கொஞ்சம். யாரும் யோசித்து எழுதுவதில்லை. எல்லாவற்றிலும் எஸ் போட்டால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே எம் தூவுவோம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஜோசியர்கூட எங்களைவிடக் கொஞ்சம் நேர்மையாகப் பார்ப்பார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் உண்மையாகவே ஒன்று செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. எங்களிடம் வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசி தமிழ் வழியில் படித்தவர்கள். கடையில் விற்கிற கைடை வாங்கி, பரீட்சைக்கு முந்தின வாரம் உரு அடித்து, எழுதித் தள்ளிவிட்டு டிகிரி வாங்கிப் போவார்கள். சொந்தமாக நாலு வாக்கியம் எழுதச் சொன்னால் வேர்த்துப்போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் ‘வாராந்திர எழுத்து’ என்று ஒரு பேப்பர் கொண்டுவந்தேன். புதன்கிழமை தோறும் கடைசி இரண்டு பீரியட், வகுப்பிலேயே உட்கார்ந்து, சொந்த மூளையில், ஒரு கட்டுரை. மொத்தம் பன்னிரண்டு வாரம். பத்து வாரமாவது நேரில் வந்து எழுத வேண்டும். விட்டதைப் பிறகு எழுதித் தரக் கூடாது. அப்படித் தந்தால் கைடு பார்த்து எழுதிவிடுவார்களே! பத்துக்குக் குறைந்தால் அரியர் பரீட்சையும் கிடையாது. அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து முதலிலிருந்து எழுத வேண்டும். எந்த வாத்தியாரும் இரக்கப்பட்டு மார்க் போட்டுவிடக் கூடாதென்று, புதன்கிழமை சாயங்காலமே கம்ப்யூட்டரில் அந்த வாரத்தை மூடிவிடச் சொன்னதும் நான்தான்.

வருடா வருடம் ஜூன் முதல் நவம்பர் வரை நடக்கிற செமஸ்டரில் இதை வைத்தேன். அடுத்த செமஸ்டரில் பொங்கல் லீவு வந்து நடுவில் அறுந்துபோகும் என்று கணக்குப் போட்டேன்.

சேதுராமன் சார் கேட்ட கேள்வி

பாடத்திட்டக் குழு கூடியது. கூடியது என்று சொல்வதே அதிகம். ‘உறுப்பினர்கள் விரிவாக விவாதித்து ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்’ என்கிற தீர்மானத்தை முந்தின நாளே தட்டச்சு செய்து வைத்துவிடுவோம். வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டு, வெஜிடபிள் பிரியாணி சாப்பிட்டு, சால்வையோடு கிளம்புவார்கள். எங்கே போனாலும் இதுதான் வழக்கம்.

அன்றைக்கு வாயைத் திறந்தவர் ஒருவர்தான். எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் சேதுராமன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு காலத்தில் பெரிய மிராசு குடும்பம். பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, இவர் மட்டும் ஆறு ஏக்கரை விடாமல் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். பழுப்பேறிய நோட்ஸை வைத்து முப்பது வருடம் ஒரே பாடத்தை ஓட்டிய மனுஷன். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

“வசந்தா மேடம், தப்பா எடுத்துக்காதீங்க” என்று ஆரம்பித்தார். “நீங்க சொல்ற அஞ்சு மாசமும் நம்ம பக்கம் நடவு காலம். வாரா வாரம் பிள்ளைங்க வந்துதான் ஆகணும்னா, நடவுக்குப் போற வீட்டுப் பொண்ணுங்க என்ன பண்ணும்?”

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. கீழ்வேளூர் பக்கத்துக் கூலிக்காரி மகள் நான் என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மாணவர்கள் யாருக்கும் நான் சொன்னதே இல்லை. ‘நீங்களெல்லாம் எத்தனை படித்தாலும் உங்கள் பிள்ளைகள் எங்கள் வயலுக்குத்தான் வர வேண்டும்’ என்று அவர் சொன்னதாகவே என் காதில் விழுந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் அப்படி எடுத்துக்கொண்டேன்.

“எந்தக் காலத்துல இருக்கீங்க சார்?” என்றேன். “இப்ப யாரு நடவுக்குப் போறா? எல்லாம் மெஷின் வந்தாச்சு. உங்க வயலுக்கு ஆள் கிடைக்கலேங்கறதுக்காக நான் சிலபஸை மாத்தணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் மேசையைத் தட்டிச் சிரித்தார். சேதுராமன் சார் முகம் சுருங்கிப்போய், “இல்லம்மா, கேட்டேன், அவ்வளவுதான்” என்று பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரியாணியில் இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் டிகிரி வாங்கிய லட்சணம்

இங்கே என் பழைய கதை கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தது ஆங்கிலத்தின் மேல் காதலால் இல்லை. வரலாற்றில் இடம் நிரம்பிவிட்டது. கிளார்க், “இங்கிலீஷ்லதான் சீட் இருக்கு, வேணுமா வேணாமா?” என்றார். அம்மா, “இருக்கறதைக் குடுங்க சாமி” என்றாள். அவ்வளவுதான்.

சம்பா நடவு வந்தால் மூன்று வாரம் நான் கல்லூரிப் பக்கமே போகமாட்டேன். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று நட்டுக்கொண்டிருப்பேன். திரும்பிப் போனால் வகுப்பில் மூன்று பாடம் தாண்டியிருக்கும். தோழி ஒருத்தியின் கைடை வாங்கி, பஸ்ஸில் போகையில் வருகையில் முணுமுணுத்து, அர்த்தம் புரிந்தும் புரியாமலும் உரு அடித்து, வருடக் கடைசியில் ஒரே பரீட்சையில் கொட்டிவிட்டு வருவேன். வாரா வாரம் வந்தாயா என்று யாரும் கேட்டதில்லை. தேர்ச்சி பெற்றேன். எம்.ஏ. படித்தேன். வேலைக்கு வந்தேன்.

கேடுகெட்ட முறைதான், சந்தேகமில்லை. ஆனால் அதில் என் மாதிரி ஆட்கள் நுழைந்து போக ஒரு சந்து இருந்தது. நான் அந்தச் சந்து வழியாக வந்து, நாற்காலியில் உட்கார்ந்ததும், முதல் வேலையாக அதைச் செங்கல் வைத்து அடைத்தேன். அதற்குப் பெயர் தரம் உயர்த்துதல்.

தண்ணீர் வந்த வருடம்

முதல் இரண்டு வருடம் என் திட்டம் அமர்க்களமாக ஓடியது. பிள்ளைகள் தப்பும் தவறுமாக ஆனாலும் சொந்தமாக எழுதினார்கள். செல்வராணி எழுதுவதைப் படிக்கவென்றே புதன்கிழமை நான் சீக்கிரம் வருவேன். ஒருமுறை, மழைக்கு முன்னால் ஆடு கத்துவதும் மழைக்குப் பின்னால் ஆடு கத்துவதும் எப்படி வேறு வேறு என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். எனக்குத் தெரிந்த எந்தக் கைடிலும் அது கிடையாது.

அந்த இரண்டு வருடமும் ஏன் சிக்கல் வரவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. ஆற்றில் தண்ணீர் தாமதமாக வந்த வருடங்கள் அவை. நாற்று விட நேரமில்லாமல் பாதிப் பேர் நேரடியாக விதை தெளித்துவிட்டார்கள். நடவே இல்லாததால் நடவுப் பெண்களுக்கு வேலையும் இல்லை. வேலை இல்லாத வீட்டிலிருந்து செல்வராணி தவறாமல் வகுப்புக்கு வந்தாள்.

மூன்றாம் வருடம் தண்ணீர் சரியான நேரத்தில் வந்தது. வாய்க்கால் நிரம்ப ஓடியதைப் பார்த்து ஊரே பூரித்தது. பஸ்ஸில் வருகையில் நானும்தான் பூரித்தேன். எங்கே பார்த்தாலும் குனிந்த முதுகுகள். மெஷின் வந்தாச்சு என்று சொன்னேனே, அது இறங்க முடியாத ஆழச் சேற்று வயல்கள் எத்தனையோ இருந்தன. சேதுராமன் சார் வயல் உட்பட.

அந்தப் பருவத்தில்தான் செல்வராணி ஐந்து புதன்கிழமை வரவில்லை.

ஒருமனதாக

அவள் வைத்துவிட்டுப் போன ஐந்து கட்டுரைகளையும் அன்று சாயங்காலத்துக்குள் படித்துவிட்டேன். ஐந்தும் அவளுடையவை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மார்க் போடலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தால், ஐந்து வாரமும் மூடிக்கிடந்தன.

மறுநாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் போனேன். “சார், ஒரு பொண்ணுக்கு மட்டும் திறந்து விடுங்க. நியாயமான காரணம் இருக்கு.”

அவர் ஃபைலை எடுத்தார். “மேடம், இது நீங்க கேட்டு வாங்குன பூட்டு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ரெகுலேஷன் மாத்த முடியும். ஒரு பொண்ணுக்குத் திறந்தா, நாளைக்கு அத்தனை பேரும் வருவாங்க. இதெல்லாம் அன்னைக்கே யாராச்சும் கேட்டிருக்கலாமே?”

“கேட்டாங்க சார்.”

“இதுல அப்படி ஒண்ணும் இல்லையே. விரிவாக விவாதித்து ஒருமனதாகன்னுதானே இருக்கு. கீழே உங்க கையெழுத்து.”

முதல்வரிடமும் போனேன். அவர் அந்தப் பேப்பரைப் பற்றித் தான் எல்லாக் கூட்டங்களிலும் பெருமையாகப் பேசுவதாகச் சொல்லி டீ கொடுத்து அனுப்பினார்.

“நட்டவதானே நீ?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூதலூர் தாண்டி அவள் ஊருக்குப் போனேன். அரசு கட்டிக்கொடுத்த வீடு. முன்னால் தகரக் கொட்டகை. செல்வராணியின் மாமியார் வெளியே வந்தாள். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த நடவு செட்டுக்கு அவள்தான் தலைவி. செட்டு என்றால் வயலை மொத்தமாகப் பேசி எடுத்து நட்டுக் கொடுப்பார்கள். ஒருத்தி வராவிட்டால் அவள் பங்கை மற்ற பதினோரு பேரும் சுமக்க வேண்டும்.

விஷயத்தைச் சொன்னேன். ஒரே ஒரு பேப்பர், அடுத்த வருடம் புதன்கிழமை மட்டும் அனுப்பினால் போதும், டிகிரி வந்துவிடும், பி.எட். படித்தால் டீச்சர் வேலைக்குப் போகலாம் என்று கெஞ்சாத குறையாகப் பேசினேன்.

அந்த அம்மா முழுக்கக் கேட்டாள். “மூணு வருஷம்னு பேசித்தான் அனுப்புனேங்க. எம் மவன் அறுப்பு மெஷின் ஓட்ட ஊர் ஊரா போறான். பிள்ளையை நான் பாத்துக்கிட்டேன். அவ படிக்கட்டும், நடவு நாளைக்கு மட்டும் செட்டுக்கு வரணும், அதான் பேச்சு. எம் மருமவளே வரலேன்னா மத்தவளுங்க என்னை விடுவாளுங்களா? இப்ப இன்னொரு வருஷங்கறீங்க. அதுவும் நடவுலதான் வரணுங்கறீங்க. அது எப்படிங்க முடியும்?”

“எனக்கும் நடவு தெரியும்மா. கீழ்வேளூர் பக்கம் எங்க ஊர். காலேஜ் படிக்கறப்ப நானும் நட்டிருக்கேன்” என்றேன். எதற்காகச் சொன்னேன்? ஆறுதலுக்கா, மன்னிப்புக்கா, இன்றும் தெரியவில்லை.

அந்த அம்மா முகம் மாறிவிட்டது. அதுவரை இருந்த மரியாதை ஒரே வாக்கியத்தில் கழன்று விழுந்தது.

“நட்டவதானே நீ? நட்டவளா இப்படி ஒரு சட்டம் போட்டே?”

“அத்தை, மேடத்தை ஒண்ணும் சொல்லாதீங்க” என்று உள்ளேயிருந்து ஓடி வந்தாள் செல்வராணி. என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள்: “நீங்களும் நட்டிருக்கீங்களா மேடம்? தெரிஞ்சிருந்தா நான் காய்ச்சல்னு பொய் சொல்லியிருக்க மாட்டேனே. நடவுக்குப் போறவன்னு தெரிஞ்சா கேவலமா நினைப்பீங்கன்னு பயந்துட்டேன்.”

யாருக்கு யார் பயந்தோம் பாருங்கள். அவள் எனக்குப் பயந்தாள். நான் சேதுராமனுக்குப் பயந்தேன்.

அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த ஜூனில் அவள் வரவில்லை. அதற்கடுத்த ஜூனிலும் வரவில்லை. மற்ற அத்தனை பேப்பரிலும் தேறியவள்.

முழுத் தேர்ச்சி

அவள் படிப்பு நின்றதற்கு மறுவருடம், கல்லூரிக்குத் தரம் போட ஒரு குழு வந்தது. நல்ல நடவுப் பருவம். ‘வாராந்திர எழுத்து’ பேப்பர்தான் எங்கள் துறையின் முகப்பு. சுவரில் பெரிய தாளில் முடிவுகளை ஒட்டியிருந்தோம். அந்தப் பேப்பரில் எல்லா வருடமும் முழுத் தேர்ச்சி. பத்து வாரம் எழுதி முடிக்காதவர்களைத் தேர்வு எழுதியவர்களாகக் கணக்கிலேயே எடுக்கமாட்டோம். எழுதாதவள் எப்படித் தோற்பாள்? அதுவும் என் யோசனைதான்.

குழுத் தலைவர் வெளி மாநிலத்துக்காரர், வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். செல்வராணியின் வருடம் அது. வகுப்பில் இருந்தவர்களைவிடத் தேர்வு எழுதியவர்கள் ஒருவர் குறைவு.

“யார் இந்த ஒரு ஆள்? என்ன ஆனார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்குப் பக்கத்தில் சேதுராமன் சார் நின்றுகொண்டிருந்தார். காலையில்தான், “இன்னைக்கு நம்ம வயல்ல உங்க செல்வராணி செட்டு இறங்கியிருக்கு மேடம்” என்று சொல்லியிருந்தார். குத்தலாகச் சொல்லவில்லை. அந்த மனுஷனுக்குக் குத்தவும் தெரியாது.

முதல்வர் என்னைப் பார்த்தார். சுவரில் என் பெயர் போட்ட தாள். குழுவின் கையில் பேனா. நான் வாயைத் திறந்தேன்.

“கல்யாணம் சார்” என்றேன்.

பெரியவர் பெருமூச்சு விட்டார். இந்த ஊர்களில் பெண்களை இதுதான் நிறுத்துகிறது என்று வருத்தப்பட்டார். காரணம் என்கிற கட்டத்தில் அதையே எழுதிக்கொண்டு அடுத்த தாளுக்குப் போனார். சேதுராமன் சார் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

செல்வராணி கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்துத்தான் எங்களிடம் படிக்கவே வந்தாள். மாமியார்தான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, அவளைச் சேர்த்துவிட்டாள். அட்மிஷன் பாரத்தில் கையெழுத்துப் போட்டவள் நான்.